கறியா, ஊசியா?

நாய் கடித்த மனிதன் கொஞ்ச நாளில் நாய் மாதிரியே குரைப்பான் என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை. ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் குளியலறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, என் குரல் இன்னும் என் குரலாகத்தான் இருக்கிறதா என்று உரக்கச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு நம்பினேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டி, "சார், பாட்டு கிளாஸெல்லாம் ஊர்ல போயி வெச்சுக்கங்க" என்றார். மனிதக் குரலாகத்தான் கேட்டிருக்கிறது என்று அப்போதைக்கு ஆறுதல்.

மயிலாடுதுறையில் எனக்குக் காப்பித்தூள் கடை. வாங்கிவரும் கொட்டை நாளுக்கு நாள் மோசமாகிறது, வாடிக்கையாளர்கள் டம்ளரை முகத்துக்கு நேராக நீட்டிக் கேள்வி கேட்கிறார்கள். காய்க்கிற இடத்துக்கே போய்க் கண்ணால் பார்த்து வாங்கலாம் என்று கிளம்பினேன். கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்னைக் களத்துக்குக் கூட்டிப் போனார். பழம் பரப்பியிருந்தது. மேலே பனி பரப்பியிருந்தது. "வெயிலே இல்லீங்க. ஒரு வாரம் இருந்து கொண்டுபோங்க" என்றார். எங்கள் ஊரில் வெயிலை ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இங்கே அதற்குக் காத்திருக்கிறார்கள்.

சரி, இருப்போம் என்று ஏரிக்கரைக்கு வந்து மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். இந்த ஊர் மிளகாய் பஜ்ஜியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஆனால் அந்த பஜ்ஜியை நான் முழுதாகச் சாப்பிடவில்லை. பின்னால் நகர்ந்தபோது காலடியில் ஏதோ மெத்தென்றது. அது ஒரு நாயின் வால். அதன் மறுமுனை என் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது.

நான் போட்ட கூச்சலில் ஏரியில் படகு மிதித்தவர்கள் கால்களை நிறுத்தினார்கள். எதிரே ஸ்வெட்டரும் குல்லாவும் மிளகும் விற்கிற ஒருவர் கையில் இருந்த ஸ்வெட்டரோடு ஓடிவந்து நாயை விரட்டினார். நாய் என்னை விட்டது. அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துவிட்டு ஓடியது. அவர்தான் ஜமால் பாய். நான் யாரென்றே தெரியாமல் எனக்காகக் கடிபட்டவர். இதை எழுதும்போது சிரிப்பாக எழுத முடிகிறது. அன்று முடியவில்லை.

ஆட்டோ ஓட்டும் மாதேஷ் எங்கள் இருவரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனான். வழியெல்லாம், "பயப்படாதீங்க சார், பாய் நொம்ப நல்லவரு, அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். நான் நல்லவனா என்பது பற்றி அவன் ஒன்றும் சொல்லாதது என்னைக் கலக்கியது.

அங்கே செல்வி சிஸ்டர் எங்களைக் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டு, காயத்தை நெடுநேரம் கழுவினார். அழுக்குப் பாத்திரத்தைக் கழுவுகிறவரின் முகத்தோடுதான் கழுவினார். ஊசி என்றதும் நான் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்றுதான் எனக்குத் தெரியும். என் வயிறு இருக்கிற அகலத்துக்கு இருபதுகூடக் கொள்ளும்.

"சட்டையை இறக்குங்க சார். அந்தக் காலமெல்லாம் போயி எத்தனையோ வருசம் ஆச்சு. தோளைக் காட்டுங்க."

காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, அதில் அலறினேன். பிறகு இரண்டு தோளிலும் சின்னதாக ஒவ்வொரு குத்து; அதில் அலற ஒன்றுமில்லாததால் ஏமாற்றமாக இருந்தது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். பைசா வேண்டாம். ஒன்றையும் தவறவிடக் கூடாது. இதெல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் அச்சடித்தும் ஒட்டியிருந்தது.

ஆனால் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் சுவரில் உள்ளதைப் பேசவில்லை.

"கறி ஆகாதுங்க. நாய் ஊசி போட்டவிங்க கறி தின்னா அவ்ளோதான்."

"கருவாடு மோந்துகூடப் பாக்கக் கூடாது."

"கத்திரிக்காய் அதைவிட மோசம். விசத்தை மேல தூக்கிக் குடுத்துரும்."

"எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டேன். ஒருவர் ஒரு மண்டலம் என்றார், இன்னொருவர் மூன்று மாதம். ஊசி போட்ட அன்றைக்குத் தொடவே கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. ஜமால் பாய் இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போன் செய்தேன். என் மனைவி அழுது முடித்த பிறகு, "கறியைப் பத்தி எனக்குத் தெரியாது. மீனும் கடுகும் சேர்க்கக் கூடாது, அது நிச்சயம்" என்றாள். ஊசி தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். பத்தியம் மட்டும் ஜில்லாவுக்கு ஒன்று. நான் எதிலும் குறை வைக்கக் கூடாது என்று இரண்டு ஜில்லாவையும் கூட்டிக்கொண்டேன். கூட்டிப் பார்த்தால் சட்னி இல்லாத இட்லியும் பாலும்தான் மிஞ்சின. அதோடு தண்ணீர். நாய்க்கடி முற்றினால் தண்ணீரைக் கண்டு பயம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பயம் வந்துவிட்டதா என்று பார்க்க அரைமணிக்கு ஒருமுறை ஒரு சொம்பு குடித்தேன். பயம் வரவில்லை. வேறு வேலை வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது பெஞ்சிலேயே சரிந்துவிட்டேன். விஷம் தலைக்கேறிவிட்டது, மனைவிக்குச் சொல்லிவிடுங்கள் என்று மாதேஷின் கையைப் பிடித்துக்கொண்டேன். செல்வி சிஸ்டர் வந்து கண்ணை விரித்துப் பார்த்தார்.

"ஏனுங்க சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லி."

"நேத்து?"

"அதே மாதிரி."

"இது விசம் இல்லீங்க, பசி. எந்தப் பத்தியமும் கெடையாது. கறி, மீனு, முட்டை, கத்திரிக்காய், எதை வேணாலும் தின்னுங்க."

நான் நம்பவில்லை. ஒரு மருந்து, அதற்கு ஒரு பத்தியமும் இல்லையா? பத்தியம் இல்லாத மருந்து எனக்கு மருந்தாகவே படவில்லை. பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டு சட்டைக் கையை இறக்கிக்கொண்டிருந்த ஜமால் பாயும் நம்பவில்லை. ஆனால் அவர் என்னைப் போல வாதாடவில்லை. அமைதியாக ஒன்று சொன்னார்.

"சிஸ்டர், அடுத்த ஊசியன்னிக்கு எம் பொண்ணுக்குக் குப்பனூர்ல நிக்காஹ். கல்யாணம் முடிஞ்சு வந்து போட்டுக்கறனுங்க."

சிஸ்டரின் கை நின்றது. "நாள் தள்ளக் கூடாதுன்னு சொல்லியிருக்கறேனுங்களே பாய்."

"சம்பந்தியோட முதப் பந்தியில உக்காரோணுமுங்க. அவரு எலையில நான் கறி வெப்பேன், எம் எலையில அவரு வெப்பாரு. ரெண்டு பேரும் ஒண்ணாக் கை வெக்கோணும். எங்க ரெண்டு ஊட்டுலயும் அதுதான் வழக்கம். ஊசியைப் போட்டுட்டு, எனக்குக் கறி வேண்டாமுன்னு நான் கையைக் கட்டிட்டு உக்காந்தா அவரு என்னனு நெனப்பாரு?"

"அவருகிட்ட நாய் கடிச்சதைச் சொல்லுங்க."

"கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முன்ன, பொண்ணோட அப்பனை வெறிநாய் கடிச்சிருச்சுன்னு சொல்லோணுமுங்களா?"

பாய் கும்பிடு போடாத குறையாக விடைபெற்றுப் போனார். சிஸ்டர் ஊசிக்குப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"போன வருசம் வெள்ளக்கடை பக்கம் எஸ்டேட்ல ஒருத்தரு. ரெண்டு ஊசி போட்டாரு. ஊருல பண்டிகை வந்துச்சு, கெடா வெட்டுனாங்க, அப்பறம் போட்டுக்கலாமுன்னு விட்டுட்டாரு. அவரு சம்சாரம் இப்பவும் அங்கதான் காப்பிப் பழம் பறிக்கறாங்க. அவரு இல்லீங்க."

நான் வாழ்க்கையில் ஜோக்கடிக்கத் தோன்றாத தருணங்களை விரல்விட்டு எண்ணலாம். அது ஒன்று.

கொஞ்ச நேரம் கழித்து என் மூளை வழக்கம் போலக் குறுக்குவழியில் ஓடியது. "சிஸ்டர், இப்படிச் செய்தால் என்ன? பத்தியம் உண்டு என்றே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட அன்றைக்குக் கட்டாயம் ஆட்டுக்கறி சாப்பிட்டே ஆகணும் என்பதுதான் பத்தியம் என்று சொல்லுங்கள்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒரு பொய் சொன்னா நாளைக்கு நான் சொல்ற நெசத்தையும் இவிங்க நம்ப மாட்டாங்க. நான் இந்த ஊருலதானுங்க இருக்கோணும். நீங்க போயிருவீங்க."

போயிருக்கலாம்தான். மூன்றாவது ஊசியை மயிலாடுதுறையில் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் அந்த நாய் கடித்தது என்னை. அவர் ஓடிவந்தது எனக்காக. பாய் மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் இந்த மலையை விட்டு இறங்குவதில்லை என்று அந்த பெஞ்சிலேயே முடிவுசெய்தேன். முடிவு செய்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் என்ன என்பதும் தெரிந்தது. நான் சாப்பிட வேண்டும்.

மறுநாள் காலை பாயின் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மாதேஷ் மெஸ்ஸிலிருந்து பொட்டலம் வாங்கிவந்தான்: கருவாட்டுக் குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், முட்டை. பாயின் மனைவி மும்தாஜ் கல்லாப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பேர். அதில் நாலு பேர் தள்ளியே நின்றார்கள்.

"சார், குரைக்கற மாதிரி வந்துச்சுன்னா முன்னாடியே ஒரு சத்தம் குடுங்க. ஓடறதுக்குத் தோதா இருக்கும்" என்றான் மாதேஷ்.

முதல் கவளத்தில் கத்திரிக்காயை வைத்தேன். அது தொண்டையில் இறங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. காது சூடாகியது. இதோ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் ஆரம்பிக்கவில்லை, மிளகாய் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மூன்று நாள் பட்டினி வயிறு நான்காவது கவளத்துக்குள் எல்லா பயத்தையும் மறந்துவிட்டது. மறு சோறு வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாளும் அதே இடம், கோழி வறுவல். ஜமால் பாய் என்னை உற்றுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டும் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார். நீங்க ஆத்துத் தண்ணி குடிச்ச ஒடம்பு. எங்குளுது மலைத் தண்ணி."

தண்ணீர்ப் பிரச்சினையில் என் ஊர்க்காரர்கள் யாரும் ஜெயித்ததில்லை. அப்போதுதான் மும்தாஜ் வாயைத் திறந்தார்.

"ஊசி போடாத நாள்ல திங்கறாரு. ஊசி போட்ட அன்னிக்குத் தின்னாருங்களா?"

இல்லை. ஊசி நாளில் நான் இட்லிதான் தின்றிருந்தேன். இந்த அம்மா வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர். "அன்றைக்குத் தின்றால் நம்புவீர்களா?" என்றேன்.

"கண்ணால பாத்தா நம்புவனுங்க."

"அப்படியானால் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள்."

கூப்பிட்டார்கள். பிரியாணிக்கு நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே அழைப்பு அது.

பாய் குடும்பம் முந்தின நாளே மலையடிவாரத்துக் குப்பனூர் மண்டபத்துக்கு இறங்கிவிட்டது. ஏழாம் நாள் காலை ஆஸ்பத்திரி திறந்ததும் நான் இரண்டு தோளையும் காட்டினேன். செல்வி சிஸ்டர், "எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, இன்னிக்கே போடோணும். அடிவாரத்துலயும் மருந்து இருக்குது. பேசிப் பாருங்க" என்றார். மாதேஷின் ஆட்டோவில் குப்பனூர் சாலையில் இறங்கினோம். பாதி வழியில் கருகல் வாசனை வந்தது. "பிரேக்குங்க" என்றான் மாதேஷ், மல்லிகைப்பூ வாசனையை அடையாளம் சொல்வது போல. ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். "இனி இது ஆறோணும். மத்தியானம் ஆயிரும்."

மத்தியானம் ஆனால் பந்தி முடிந்துவிடும். வளைவில் வந்த ஒரு வேனை நடுரோட்டில் நின்று மறித்தேன். அதிர்ஷ்டம், அதே கல்யாணத்துக்கு வெங்காயப் பச்சடிக்குத் தயிர் கொண்டுபோகும் வேன். முன்சீட்டில் இடமில்லை. பின்னால் தயிர் கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மூடி திறந்தது. மண்டபத்தில் நான் இறங்கியபோது என்னைப் பார்த்த பன்னீர் தெளிக்கும் பெண் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

நிக்காஹ் முடிந்திருந்தது. முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. ஜமால் பாய் ஜரிகைத் தொப்பியோடு, பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தா ரஹீம் பாய். வாழப்பாடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற கனத்த உடம்புக்காரர். என்னை அவர்களுக்கு எதிர் வரிசையில் உட்காரவைத்தார்கள். பிரியாணி முதலில் எனக்குத்தான் வந்தது, தொட்டுக்கொள்ளத் தால்சாவும் கத்திரிக்காயும். நான் தயங்காமல் சாப்பிட்டேன். பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி மும்தாஜ் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. நான் அவருக்குத் தெரியட்டும் என்று கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டித் தின்றேன்.

ஜமால் பாய் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மெல்லக் குனிந்து, "பாய், வாங்க, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. போட்டுவிட்டு வந்து சாப்பிடலாம்" என்றேன். தலையை அசைத்து மறுத்தார். "சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு என்ன ஆவுதுன்னு பாத்துட்டு அப்பறம் சொல்றனுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் என் குரல் கடை வாசல் வரை போகும். அன்று மண்டப வாசல் வரை போனது.

"அதே நாய் கடித்த எனக்கே ஒன்றும் ஆகவில்லை, உங்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?"

ரஹீம் பாய் கறிக்கரண்டியோடு திரும்பினார்.

"எந்த நாயி?"

ஒரு கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இலைக்குக் கீழே ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பேன். ஜமால் பாயின் முகம் வெளுத்துவிட்டது.

"சம்பந்தி, ஏரிக்கரையில... மணிக்கட்டுல. ரெண்டு ஊசி போட்டாச்சுங்க."

"மிச்சம்?"

நான்தான் சொன்னேன்: "மூன்றாவது இன்றைக்குங்க. நான் காலையிலேயே போட்டுக்கொண்டுதான் வந்தேன். பாய்தான், கறி சாப்பிட முடியாமல் போய்விடும், நீங்கள் தப்பாக நினைப்பீர்கள் என்று போடவில்லை."

ரஹீம் பாய் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தார். எழுந்து நின்றார். "பந்தியை நிறுத்துங்க."

சமையற்கட்டிலிருந்து பிரியாணி ஆக்கும் பண்டாரி ஓடிவந்தார். "பாய், தம் ஒடச்சாச்சுங்க! ஆறிப்போச்சுன்னா எம் பேருதான் கெடும்!"

"மூடி வையுங்க. சம்பந்தி வர்ற வரைக்கும் நான் எலையில கை வெக்க மாட்டேன். நான் கை வெக்காம இங்க ஒருத்தரும் வெக்கக் கூடாது." பிறகு ஜமால் பாயிடம் குனிந்தார். குரல் இறங்கிவிட்டது. "நீங்க கறி திங்கலீன்னா ஒரு நாள் கோவிச்சுக்குவேன். இந்த ஊசியைப் போடாம உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு உங்க பொண்ணு மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்? எந்திரிங்க."

"பத்தியமுங்க சம்பந்தி..."

ரஹீம் பாய் என் பக்கம் கையைக் காட்டினார். "இந்த மனுசன் இன்னிக்கு ஊசி போட்டுட்டு வந்து ரெண்டாவது தடவை கத்திரிக்காய் வாங்கிட்டாரு. இவருக்கு ஆவறது உங்களுக்கும் ஆவட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து மும்தாஜின் குரல் வந்தது: "போயிட்டு வாங்க. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பூ ஒட்டிய மாப்பிள்ளைக் காரில் போனோம். முன்னால் ரஹீம் பாய், பின்னால் ஜமால் பாயும் தயிர் வாசனையோடு நானும். அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் ஜரிகைத் தொப்பியையும் காரையும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கா ஊசி?" என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். பாய் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜோக் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தி அப்படியே உட்கார்ந்திருந்தது. இருநூறு பேர் பசியோடு எங்களைப் பார்த்த பார்வையை விட அந்த நாயின் பார்வை சாந்தம். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ரஹீம் பாய் ஜமால் பாயின் இலையில் கறி வைத்தார். ஜமால் பாய் அவர் இலையில் வைத்தார். அரசாங்கம் அச்சடித்து ஒட்டிய தாளும் சிஸ்டரின் தொண்டைத் தண்ணீரும் என் வயிறும் செய்யாததை, எந்தக் கறிக்காகப் பயந்தாரோ அதே கறியின் மரியாதைதான் செய்தது. இருவரும் ஒன்றாகக் கை வைத்தார்கள்.

வெயில் வந்து காப்பிக் கொட்டை காய்ந்த பிறகு கிளம்பினேன். போகும் முன் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தேன். சுவர்த் தாளுக்குக் கீழே செல்வி சிஸ்டர் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஊசி போட்ட அன்றே கறி, மீன், முட்டை, கத்திரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். பெஞ்சில் இருந்தவர்கள் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், "இதை நம்பலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார். பாய் கடைக்குப் போய்க் கேளுங்கள் என்று வழி சொன்னேன்.

நாலாவது ஊசியை நான் மயிலாடுதுறையில் போட்டுக்கொண்டேன். ஜமால் பாய் ஏற்காட்டில், குறித்த நாளில், யாரும் கூப்பிடாமல் தானே போய்ப் போட்டுக்கொண்டார். இருவரும் நன்றாக இருக்கிறோம்.